கத்தி வாங்குமுன் கல் வாங்குங்கள்

தோல் வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கத்தி வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: வாங்கியதை எதில் தீட்டப்போகிறீர்கள்? தோலுக்கென்று விற்கும் கத்திகளில் பல, சக்கரத்தில் தேய்த்த கோடுகளோடு, வெட்டும் விளிம்பான வாயை நோக்கி மெலியும் சரிவு மட்டும் போடப்பட்டு வருகின்றன. கடைசிக் கூர் வாங்குகிறவர் பாடு. அதைத் தீட்டாமல் அப்படியே தோலில் வைத்துவிட்டு, "இந்தக் கத்தி சரியில்லை" என்று அடுத்ததை வாங்குவது வழக்கமாக நடக்கிற கூத்து. உயர்ந்த எஃகுக் கத்தியைத் தீட்டத் தெரியாமல் வைத்திருப்பவரைவிட, சாதாரண கட்டர் பிளேடை நேரத்துக்கு ஒடித்து மாற்றுகிறவர் சுத்தமாக வெட்டுவார்.

சமையல் கத்தி தீட்டத் தெரிந்தவருக்கும் தோல் கத்தி புதிதுதான். தக்காளியை இழுத்து அறுக்கிறோம். அங்கே வாய் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரியாத ரம்பம் மாதிரி வேலை செய்யும். தோலிலோ பல நேரம் அலகைத் தள்ளி வெட்டுகிறோம். மரத்துக்கு இருப்பதுபோல ஒரே திசையில் ஓடும் இழை தோலுக்குக் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் நார்க்கற்றைதான் தோல். அது பிளந்து விலகி வழிவிடாது. ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, 3 மில்லிமீட்டர் தடித்த தோலுக்குள் அலகு இறங்கியதும் இரண்டு பக்கச் சுவரும் அதை இறுக்கிப் பிடிக்கும். வாய் எவ்வளவு மெல்லியது என்பது ஒரு பாதி. சரிவு எவ்வளவு வழுவழுப்பு என்பது மறுபாதி. ஒரே கூருள்ள இரண்டு அலகில் ஒன்றின் சரிவில் சாணைக் கோடுகள் இருந்தால், அது தோலுக்குள் முக்கி முக்கித்தான் போகும்.

எந்த வேலைக்கு எது

ஒடிக்கிற கட்டரில் இருந்து தொடங்கலாம். 9 மில்லிமீட்டர் அகல பிளேடின் தடிமன் 0.38 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டருக்கு 0.5. இந்த மெல்லிய தடிமன்தான் அதன் பலம், பலவீனம் இரண்டும். 1.5 மில்லிமீட்டர் வரையிலான தோலை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி நேராக வெட்ட இதைவிடச் சுலபமானது இல்லை. தடித்த தோலில் பிளேடு வளையும். மேலே கோடு நேராகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பெல்ட் ஓரம் சாய்வாக வந்து, தைத்தபின் இரண்டு அடுக்கும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நான்கு தடவை ஓட்டுங்கள், முதல் ஓட்டம் கீறல் அளவுக்கு மட்டும். ஒடியும் துண்டு ஒன்றுக்கு மேல் பிளேடை வெளியே நீட்டாதீர்கள். இந்தக் கட்டருக்கும் தோல் வேலைக்கும் பழைய உறவு உண்டு. 1956-ல் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா இதை உருவாக்கியபோது, கண்ணாடியை உடைத்து உடைத்துப் புது விளிம்பால் வேலை செய்த செருப்புத் தொழிலாளர்களும் சாக்லேட் கட்டியின் ஒடியும் கோடுகளும்தான் அவருக்கு யோசனை தந்தார்களாம். "மழுங்கினால் ஒடி" என்பது அங்கிருந்து வந்தது.

அடுத்தது பிறைநிலா வடிவ வட்டக் கத்தி. பார்க்க மிரட்டும். ஆனால் தடித்த தோலுக்கு இதற்கு இணை இல்லை. பிடி வாய்க்கு நேர் பின்னால் இருப்பதால் கையின் விசை முழுவதும் வெட்டுக்குப் போகிறது. நடு வயிற்றை அசைத்து அசைத்து அழுத்தலாம், தள்ளி ஓட்டலாம், சிறகு நுனியால் நெளிவுகளைச் சுற்றி வரலாம். அலகு விறைப்பானது என்பதால் வெட்டுச் சுவர் செங்குத்தாக நிற்கும். ஒன்றே ஒன்று: தள்ளும் பாதையில் மறு கை இருக்கவே கூடாது. தோலைப் பிடிக்கும் கை எப்போதும் வாய்க்குப் பின்னால்தான்.

சீவும் கத்தி தனி உலகம். மடிப்பு, தையல் ஓரம், ஒட்டு இணைப்பு ஆகிய இடங்களில் தோலின் சதைப்பக்கத்தை, அதாவது உள்பக்கத்தை, சீவி மெலிதாக்க வேண்டும். உதாரணமாக 1.2 மில்லிமீட்டர் தோலை ஓரம் மடித்து ஒட்ட, 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகச் சீவி, விளிம்பில் 0.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் மடிப்பு புடைக்காது. இதற்கு ஒரு பக்கம் மட்டும் சரிவும் மறுபக்கம் தட்டையான முதுகும் உள்ள கத்தி வேண்டும். ஜப்பானிய வகையில் வாய் நேராக, உளி மாதிரி இருக்கும். 30 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் கைக்கு அடக்கம். ஆங்கில வகையில் வாய் சாய்ந்திருக்கும். சாய்ந்ததை வாங்கினால் வலக்கைக்கானதா இடக்கைக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். இடக்கைக்காரர் வலக்கைக் கத்தியோடு மல்லுக்கட்டுவது வீண்.

மாற்று பிளேடு போடும் சீவு கருவி மலிவு, உடனே வேலை செய்யும். ஆனால் பிளேடு வளைந்த தாங்கியில் உட்காருவதால் சீவல் குழிவாக வரும், ஆழத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். பழகுவதற்குச் சரி. பூவேலைக்கான சுழல் கத்தி வெட்டுவதற்கானது அல்ல. ஈரப்பதமான தோலின் மேல்பக்கத்தில் தடிமனில் பாதிக்குள் கோடு இழுப்பதற்கு. அதற்கு இரண்டு பக்கச் சரிவும் அச்சு அசலாகச் சமமாக இருக்க வேண்டும், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும்.

ஒரு கட்டர், ஒரு சீவும் கத்தி. ஆரம்பத்துக்கு இது போதும். பெல்ட், பை என்று தடித்த தோலுக்குப் போகும்போது வட்டக் கத்தி. பத்து உருப்படி கொண்ட செட் வேண்டாம். பத்தையும் தீட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

எஃகைப் பற்றி

தோல் வேலைக்கு நுண்மணி எஃகுதான் நல்லது. ஓ1, 1095, 52100, ஜப்பானிய வெள்ளை எஃகு, நீல எஃகு எல்லாம் இந்த வகை. ராக்வெல் அளவில் 60 முதல் 63 வரை கடினம் இருந்தால் மெல்லிய கோணத்தைத் தாங்கும், கல்லிலும் சீக்கிரம் படியும். 57-க்குக் கீழே போனால் மெல்லிய வாய் மடியும். தோல்வாரில் (கூரை மெருகேற்றப் பலகையில் ஒட்டிய தோல்) தேய்த்தால் நிமிரும், மறுபடி மடியும். டி2 போன்ற குரோமியம் நிறைந்த எஃகு நெடுநேரம் கூர் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதில் கார்பைடு என்ற கடினமான மணிகள் பெரிசு. வாயை மிகவும் மெலிதாக்கினால் அந்த மணிகள் உதிர்ந்து குழி விழும். அதை வட்டக் கத்திக்கு வைத்துக்கொள்ளலாம். சீவும் கத்திக்கு ஓ1 அல்லது வெள்ளை எஃகைத்தான் சொல்வேன்.

கார்பன் எஃகுக்கு ஒரு குறை உண்டு, துரு மட்டும் அல்ல. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரமான தோலும் இரும்பும் சேர்ந்தால் டானின் கருநீலக் கறையாகிவிடும். பழைய காலத்து எழுத்து மை தயாரித்ததும் இதே வினையால்தான். ஈரமான தோலை வெட்டும்போது அலகை அடிக்கடி துடையுங்கள். தீட்டி முடித்த கத்தியில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளும் கல் சேறும் இதே கறையைப் போடும். நன்றாகக் கழுவித் துடைக்காமல் தோல் பக்கம் போகாதீர்கள்.

வாங்கும்போது மூன்று சோதனை. சீவும் கத்தியின் தட்டைப் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் நல்லது, தட்டையாக்குவது எளிது. புடைத்திருந்தால் அந்தக் கத்தியை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, வாயருகே நீலம் பாய்ந்திருக்கிறதா பாருங்கள். எஃகு ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறமும் 300-ஐ நெருங்கும்போது நீலமும் காட்டும். நீலம் என்றால் சாணை பிடித்தவர் சுட்டுவிட்டார், அந்த இடத்தில் கடினம் போயிற்று என்று பொருள். மூன்றாவது, பிடியை வேலை செய்கிற விதத்தில் பிடித்துப் பாருங்கள். சீவும்போது கை மேசையோடு மேசையாகத் தாழ வேண்டும். பிடி தடித்திருந்தால் விரல் கணு மேசையில் இடிக்கும்.

கோணம்

சீவும் கத்திக்கு 15 முதல் 20 டிகிரி. வட்டக் கத்திக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 20 முதல் 25. மென்மையான தோலுக்குக் குறைந்த பக்கம், விறைத்த தடித்த தோலுக்குக் கூடின பக்கம். கோணமானி எதுவும் தேவையில்லை. ஒற்றைச் சரிவுக் கத்தியில் சரிவின் நீளத்தை அலகின் தடிமனால் வகுத்துப் பாருங்கள். 3 வந்தால் கிட்டத்தட்ட 19.5 டிகிரி, 3.5 என்றால் 16.6, 4 என்றால் 14.5. ஆக 3 மில்லிமீட்டர் தடித்த கத்தியின் சரிவு 10 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் கவலையில்லை. 7 மில்லிமீட்டர்தான் இருக்கிறதென்றால் 25 டிகிரியைத் தாண்டிவிட்டது, சீவும்போது முட்டும்.

வட்டக் கத்திக்கு வேறு கணக்கு. ஒரு பக்கத்துக்கு 12 டிகிரி வேண்டுமானால், வாயிலிருந்து 60 மில்லிமீட்டர் பின்னால் அலகு கல்லை விட்டு 12.5 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி வைத்துக்கொண்டால் முதல் சில நாள் கை தடம் புரளாது.

கல்லும் காகிதமும்

1000 எண் கல், 4000-க்கு அருகில் ஒன்று, 8000 ஒன்று; எண் கூடக் கூடக் கல்லின் மணி பொடியாகும். வாய் உடைந்த கத்திக்கு மட்டும் 220 முதல் 400. கல்லுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டியும் தீட்டலாம், மலிவு, எப்போதும் சமதளம். அதில் இரண்டு விஷயம். ஒன்று, வாயை முன்னே தள்ளினால் தாள் கிழியும். பின்னால் இழுக்கும் ஓட்டம் மட்டும்தான். இரண்டு, தாளின் எண்ணும் கல்லின் எண்ணும் ஒன்றல்ல. பி2000 தாளின் மணி ஏறக்குறைய 10 மைக்ரான்; அது ஜப்பானிய 1000 எண் கல்லுக்குப் பக்கத்தில்தான் வரும். "2000 தாளில் தீட்டியும் தோல் ஏறவில்லை" என்று குழம்புகிறவர்கள் இன்னும் நடுக்கல்லையே தாண்டவில்லை.

ஊறவைக்கும் கல் எது, தண்ணீர் தெளித்தால் போதும் என்கிற கல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மணிகளை மெக்னீசியாவால் பிணைத்த கல்லை வாளியில் ஊறப்போட்டால் நாளடைவில் வெடிக்கும்.

கல் குழிந்தால் எல்லாம் போச்சு. குழிந்த கல்லில் நேரான வாய் வில் மாதிரி வளைந்துவிடும். அதைவிட மோசம், தட்டை முதுகு புடைத்துவிடும். கல் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடியில் விரித்த 220 தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் கல் சமம். 10, 15 நிமிடத் தீட்டலுக்கு ஒருமுறை இதைச் செய்வது அதிகம் ஒன்றும் இல்லை.

சீவும் கத்தியைத் தீட்டுவது

முதுகில் தொடங்குங்கள். முழு முதுகும் மின்ன வேண்டியதில்லை; வாயை ஒட்டி 5 முதல் 10 மில்லிமீட்டர் பட்டை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரே சீராகக் கல்லைத் தொட வேண்டும். 1000-ல் தேய்த்து, கோடுகள் வாய்வரை எட்டிவிட்டனவா என்று பார்த்து, 4000, 8000 என்று ஏறுங்கள். ஒரு கத்திக்கு இது ஒரே தடவை வேலை. ஒரு மணி நேரம் ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்கு ஏன் இவ்வளவு? சீவும்போது சரிவு மேலே, தட்டை முதுகு கீழே இருக்கும்படி கத்தியைப் படுக்க வைக்கிறோம். முதுகுதான் தண்டவாளம். தீட்டுகிற அவசரத்தில் முதுகை ஒரு மயிரிழை தூக்கித் தேய்த்துவிட்டால், வாயின் அடியில் சின்னதாக ஒரு எதிர்ச்சரிவு உண்டாகிவிடும். அதன்பிறகு அந்த எதிர்ச்சரிவின் அளவுக்குப் பிடியைத் தூக்கினால்தான் வாய் தோலைத் தொடும். தூக்கினால் என்ன ஆகும்? வழுக்கிக்கொண்டே போகும், திடீரென்று கவ்வி ஆழமாக இறங்கி ஓட்டை போட்டுவிடும். சீவும்போது தோல் கிழிகிறது என்று வருகிற புகாரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வாயை அல்ல, முதுகை.

இனி சரிவு. நிரந்தர மார்க்கரால் சரிவு முழுக்க மை பூசி, 1000 கல்லில் இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. சரிவின் பின்கோடியான குதியில் மட்டும் அழிந்தால் பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். வாயோரம் மட்டும் அழிந்தால் தாழ்த்துங்கள். 10 மில்லிமீட்டர் சரிவு இருந்தால் அது கல்லில் தானாகவே உட்காரும். இரண்டு விரலைச் சரிவுக்கு நேர் மேலே வைத்து அழுத்தினால் போதும். பிடியை அழுத்தாதீர்கள், கோணம் ஆடும்.

எதிர்ப்பக்கம் பிசிறு வரும்வரை தேயுங்கள். பிசிறு என்பது வாயைத் தாண்டி மறுபக்கம் மடியும் மெல்லிய உலோக நூல். கட்டை விரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தள்ளினாற்போல நகர்த்தினால் தட்டுப்படும்; வாய் நெடுக விரலை ஓட்டிப் பார்க்க வேண்டாம். முழு நீளத்துக்கும் பிசிறு வந்தாக வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வரவில்லையென்றால் அந்த மூலை இன்னும் மழுங்கலாகத்தான் இருக்கிறது, அடுத்த கல்லுக்குப் போவதில் பயனில்லை. தீட்டலில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இடத்து அவசரம்தான்.

பிசிறு வந்ததும் 4000 கல். 1000-ன் கோடுகள் மறைந்ததும் 8000. ஒவ்வொரு கல்லிலும் கடைசியில் முதுகைத் தட்டையாக வைத்து நாலைந்து ஓட்டம். பிறகு சரிவில் இரண்டு, முதுகில் இரண்டு, ஒன்று, ஒன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி ஓட்டங்களில் கத்தியின் எடை மட்டும் போதும். பிசிறை ஒடித்து எடுக்கக் கூடாது. ஒடித்தால் அது விட்டுப்போகும் இடம் கந்தலாக இருக்கும். மாறி மாறித் தேய்த்து மெலியவைத்தே தீர்க்க வேண்டும்.

வாய் அடிக்கடி பொரிகிறதென்றால், 8000 கல்லில் பிடியை ஒன்றிரண்டு டிகிரி உயர்த்திச் சரிவுப் பக்கம் மட்டும் ஐந்தாறு ஓட்டம் ஓட்டுங்கள். தலைமுடி அளவில் ஒரு நுண்சரிவு விழும். சீவலுக்கு இடைஞ்சல் இல்லை, வாய் கெட்டிப்படும். முதுகில் மட்டும் இந்த வேலை ஆகாது.

பல் விழுந்த, அதாவது சில்லு உடைந்து பள்ளமான வாய்க்கு: முதலில் கத்தியைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தி, பள்ளம் மறையும்வரை வாயை நேராகத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். பிறகு வெளிச்சத்தில் வாயோரம் ஒரு வெள்ளிக் கோடு மின்னும். 220-ல் சரிவை மட்டும் தேய்த்து, அந்தக் கோடு மறையப்போகும் சமயத்தில் 1000-க்கு மாறுங்கள். மழுக்காமல் சரிவை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் வாய் கோணிக்கொள்ளும். மின்சாணை பிடிப்பதானால் ஒவ்வொரு தொடுகைக்கும் தண்ணீரில் முக்குங்கள். ஓ1 போன்ற எஃகு ஏறத்தாழ 200 டிகிரியில் பதம் போடப்பட்டது. மெல்லிய வாய் அந்தச் சூட்டைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டும்.

வட்டக் கத்தி

வளைந்த வாயைக் கல்லில் ஓட்டுவதைவிட, கல்லை வாய்க்குக் கொண்டுபோவது எளிது. கத்தியை மேசை ஓரத்தில் வாய் வெளியே நீட்டும்படி வைத்து, பிடியைக் கிளாம்பால் இறுக்குங்கள். கையடக்கமான கல்லை எடுத்து, விரல்கள் கல்லின் பின்பக்கத்தை விட்டு வழியாதபடி பிடித்து, சிறு சிறு வட்டங்களாகத் தேயுங்கள். வாயை ஐந்து பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 20 வட்டம், பக்கத்துப் பகுதியோடு கொஞ்சம் மேலேறும்படி. பிசிறு வந்தபின் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே எண்ணிக்கை.

நடு வயிறுதான் அதிகம் உழைக்கிறது, அதுதான் முதலில் மழுங்கும். அதனால் அதை மட்டும் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓராண்டில் பிறை தட்டையாகி, அசைத்து வெட்டினால் தடக் தடக்கென்று தட்டும். கத்தி புதிதாக இருக்கும்போதே அதன் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயை அதில் பொருத்திப் பார்த்தால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

தோல்வார்

தோல் வேலைக்காரருக்குத் தோல்வார் கடையில் வாங்கும் பொருளே இல்லை. 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடித்த, விறைப்பான பட்டைத் தோலைச் சமதளப் பலகையில் ஒட்டினால் முடிந்தது. பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு கட்டியைச் சுண்ணாம்புக்கட்டியில் கோடு போடுவதுபோல லேசாகப் பூசுங்கள். அப்பிவிடாதீர்கள், அப்பினால் உருண்டு உருண்டு வாய்க்கடியில் மேடு கட்டும். கறுத்துப் பிசுக்கேறினால் ஒரு மழுங்கிய அலகால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம்.

வாய் எப்போதும் பின்னால் வர, வாய்க்கு எதிர்ப்பக்கம் முன்னே போக இழுக்க வேண்டும். தீட்டின அதே கோணம், கத்தியின் எடையைவிடச் சற்றே கூடுதல் அழுத்தம், பக்கத்துக்கு 10 முதல் 20 இழுப்பு. இழுப்பின் முடிவில் மணிக்கட்டைத் தூக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பளபளப்பு ஏறும், கூர் இறங்கும். தடித்து மெத்தென்ற தோலும் இதே கெடுதலைத்தான் செய்யும்: அழுத்தத்தில் அமுங்கி, வாய்க்குப் பின்னால் எழும்பி, வாயை உருட்டிவிடும். தோல்வாரில் தேய்க்கத் தேய்க்கக் கத்தி மோசமாகிறது என்றால் காரணம் இந்த இரண்டில் ஒன்று. சீவும் கத்தியின் முதுகைத் தேய்க்க, தோலுக்குப் பதில் கண்ணாடிமேல் வைத்த கெட்டி அட்டையில் பச்சை பூசிப் பயன்படுத்துங்கள்; அது அமுங்காது.

எத்தனை முறை? வெட்டும் வேலை ஓடும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து இழுப்பு. மழுங்கும்வரை காத்திருக்க வேண்டாம். 30 இழுப்புக்கும் மசியவில்லையென்றால் 8000 கல்லுக்குப் போங்கள். அங்கும் ஆகவில்லையென்றால் 4000. 1000 வரை இறங்குவது எப்போதாவதுதான்.

கூர் பார்ப்பது

தீட்டிய மரத்திலேயே கூர் பார்க்காதே என்பது வேறு அர்த்தத்தில் சொன்ன பழமொழி. தோல்வாரை வைத்திருப்பவர்கள் அதை நேர் அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தை அறுத்துப் பார்ப்பதும் பெரிதாக எதையும் சொல்லாது. பிசிறு ஒட்டியிருக்கும் வாய்கூடக் காகிதத்தைச் சீறிக்கொண்டு அறுக்கும். தோலில் நாலு வெட்டுக்குப் பிறகு அந்தப் பிசிறு மடிந்ததும் செத்துப்போகும்.

பட்டைத் தோல் துண்டின் சதைப்பக்கத்தில் அழுத்தாமல் ஒரு சீவு சீவுங்கள். பென்சில் சீவலைப் போல முழு அகலத்துக்கும் சுருண்டு வர வேண்டும், வெட்டின பரப்பு லேசாக மினுங்க வேண்டும். அதில் நெடுக ஒரு கீறல் ஓடினால் வாயில் அந்த இடத்தில் பொரிந்திருக்கிறது. தூளாக வந்தால் வாய் தேய்க்கிறது, வெட்டவில்லை. வட்டக் கத்திக்கு, 3 மில்லிமீட்டர் தோலின் மூலையை நறுக்கிப் பாருங்கள். மேல்பக்கம் அமுங்கி வளைந்தபின் வெட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. வாயை விளக்குக்கு நேரே பிடித்தாலும் தெரியும். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்கே மழுங்கல்.

குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் வேறு குணம். மெத்தென்று இழுபடும், கத்திக்கு முன்னால் சுருண்டு ஓடும். உடனே கத்தியைப் பழிக்காதீர்கள். தோலை இறுக்கமாக விரித்து, வாயின் பெரும்பகுதி படும்படி கோணத்தைத் தாழ்த்தி இழுத்து வெட்டுங்கள். சீவுவதானால் உள்ளங்கையால் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்து, குட்டை குட்டையான ஓட்டங்களில் சீவுங்கள்.

மழுங்காமலே மழுங்கினதுபோலத் தெரிவதும் உண்டு. ஒட்டின தோலை வெட்டினால் காய்ந்த பசை சரிவில் படிந்து பிடிக்கும். கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பிறகு கல்லைத் தேடுங்கள்.

எதன்மேல் வெட்டுகிறோம்

வெட்டுவதற்கு அடர்த்தியான பாலிஎத்திலீன் பலகையோ, நார் மேல்நோக்கி நிற்கும் மரக்கட்டையோ வேண்டும். கண்ணாடியும் கருங்கல்லும் சீவுவதற்கு மட்டும். அங்கே கத்தி படுத்த நிலையில் வழுக்கிப் போவதால் வாய் நேராக மோதுவதில்லை. சீவும் ஓட்டத்தின் கடைசியில் பிடியைத் தூக்கினால் மோதும். சீவுமுன் அந்தக் கண்ணாடியையோ கருங்கல்லையோ, தோலின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் அடியில் கிடந்தால் தோல் அங்கே மேடாகும், கத்தி அந்த மேட்டைச் சீவி ஓட்டையாக்கும், வாயிலும் ஒரு பல் விழும்.

முடித்ததும் உலரத் துடைத்து, கனிம எண்ணெயோ காமீலியா எண்ணெயோ மெலிதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் காலப்போக்கில் பிசினாகும். கடைசியாக, தோல் வேலைக்காரருக்குப் பிடிக்காத ஒரு செய்தி: அழகாகத் தைத்த தோல் உறைக்குள் கத்தியை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனீட்டின் அமிலமும் உப்பும் அதில் மிச்சம் இருக்கும். வாயில்தான் முதலில் துரு பிடிக்கும். உறை எடுத்துச் செல்ல மட்டும். வீட்டில் மர இடுக்கில் நிறுத்தி வையுங்கள்.